பழசு என்று பெயர் வைத்த ஃபோல்டர்

ஆங் மோ கியோ
17 ஜனவரி 2024

கபிலனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நானும் அம்மாவும் நலம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். பொங்கல் முடிந்தது. அம்மா பொங்கல் வைத்தாள், நான் சாப்பிட்டேன்.

நீ உள்ளே போன நாளிலிருந்து ஒரு வரி எழுதாதவன் இன்று எதற்கு எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. உன் அறைக் கம்ப்யூட்டரில் ராஜாக்களும் பூதங்களும் வாளோடு சுற்றுகிற விளையாட்டு இருக்கிறதே, அதில் நீ ஒரு சத்திரம் கட்டினாய். அங்கே சோறு போடுகிற பெண்ணுக்கு அம்மாவைப் பேச வைத்தாய். கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் பேசிப் பேசிச் சிரித்தீர்கள். நான் வெளியே நின்று கத்தினேன். அந்தச் சத்திரத்துக்கு எப்படிப் போவது?

கம்ப்யூட்டரைப் போட்டேன். அது பாட்டுக்கு ஏதேதோ புதுப்பித்துக்கொண்டது. விளையாட்டைத் திறந்தால் ஒரு மலை வருகிறது, பிறகு திரை கறுத்து மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தாலும் அதே மலை, அதே இருட்டு.

பதில் தமிழில் எழுது. ஆங்கிலத்தில் எழுதினால் பஸ் டிப்போவிலிருந்து வரும் மெமோ மாதிரி இருக்கும். தகப்பனுக்கு மகன் தமிழில்தான் எழுத வேண்டும்.

அம்மாவுக்குக் கால் வலி. அதனால்தான் உன்னைப் பார்க்க வருவதில்லை. வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அப்பா அண்ணாதுரை


29 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. நீங்களும் அம்மாவும் நலம் என்று எழுதிய வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துதான் போனேன், அம்மாவுக்கு ஏதோ என்று. பிரித்துப் பார்த்தால் சத்திரத்துக்கு வழி கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அவனால் நம்பவே முடியவில்லை.

அப்பா, நாங்களே செய்து விளையாட்டோடு சேர்த்து ஒட்டும் துண்டுக்கு மோட் என்று பெயர். சத்திரம் என் மோட். விளையாட்டு புதிதாகிவிட்டது, என் மோட் பழையது. அதனால்தான் மூடிக்கொள்கிறது. அதோடு, மோட் செய்யும்போது நான் தெரியாமல் தொட்டதெல்லாம் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மரத்தைக் கிளிக் செய்துவிட்டு விட்டுவிட்டால்கூட, மாற்றாத அந்த மரத்தையும் மோட் எழுதி வைத்துக்கொள்ளும். இப்படி வேண்டாமல் சேர்ந்ததை அழுக்கு என்போம். அதைத் துடைக்க ஒரு கிளீனர் இருக்கிறது, இலவசம்தான். முதலில் அதை இறக்கி இன்ஸ்டால் செய்ய வேண்டும். தேக்காவில் என் நண்பன் ரவூப் கடைக்குப் போனால் செய்து தருவான். அவன் பழசை மறந்தவன் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். தமிழ்க் கடிதம் என்றால் தமிழ் படிப்பவர் வரும் வரை காத்திருக்கும். ஆங்கிலம் சீக்கிரம் போகும். அதோடு மாதத்துக்கு இவ்வளவு தாள்தான் என்று கணக்கும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதட்டுமா?

அம்மாவை எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா தீபாவளிக்கு முன்பு என்னைப் பார்க்க வந்ததுதான், அதன் பிறகு காணோம். என் மேல் கோபம் என்றால் கோபம் என்றே எழுதலாம்.

உங்கள்
கபிலன்


ஆங் மோ கியோ
12 பிப்ரவரி 2024

கபிலனுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. இங்கே அனைவரும் சுகம். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆரஞ்சு கொடுத்தாள், அம்மா முறுக்கு கொடுத்தாள்.

தமிழிலேயே எழுது. காத்திருந்தால் காத்திருக்கட்டும். "அழுக்கு" என்பதை நீ ளகரம் போடாமல் ழகரத்தில் ஒழுங்காக எழுதியதே எனக்குப் பெரிய காரியம்.

ரவூப் கடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் போனேன். டன்லப் ஸ்திரீட்டில் மாடி ஏறிப் போக வேண்டியிருக்கிறது. பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உன்னைப் பற்றிக் கேட்டான். அந்தக் கிளீனர் என்கிற துடைப்பத்தை இறக்கிப் போட்டுவிட்டு, "அங்கிள், மத்ததையும் நானே செஞ்சு தந்துடுறேன் லா, அரை மணி நேர வேலை" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மகன் எழுதுவான், நான் செய்துகொள்கிறேன் என்றேன். அவ்வளவு பெரிய பஸ்ஸைக் கிராஞ்சியிலிருந்து ஊர் முழுக்க ஓட்டியவனுக்கு ஒரு மவுஸை ஓட்டத் தெரியாதா?

தைப்பூசத்துக்கு அம்மாவும் நானும் பால்குடம் எடுத்தோம். சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை ஒரு இடத்தில்கூட உட்காராமல் நடந்தாள்.

மீதியைச் சீக்கிரம் எழுது. மார்ச் பத்துக்குள் அந்தச் சத்திரம் திறக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே.

அப்பா


24 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நேரமில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் விளையாட்டு இருக்கும் ஃபோல்டரைத் திறங்கள். அதில் என் பெயர் போட்டவை எல்லாவற்றையும், மோட், மற்ற ஃபோல்டர்கள் எதையும் விடாமல், வெளியே எடுத்து ஒரு புது ஃபோல்டரில் போடுங்கள். அதற்குப் "பழசு" என்று பெயர் வையுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் வைப்பேன். பிறகு விளையாட்டை அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். அது முடிந்ததும் பழசிலிருந்து "சத்திரம்" என்ற ஒரே ஒரு ஃபைலை மட்டும் காப்பி எடுத்து உள்ளே போடுங்கள்.

இப்போது கிளீனரைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் சத்திரத்துக்கு மட்டும் டிக் வையுங்கள். விளையாட்டின் சொந்த ஃபைல்களை அது தானே எடுத்துக்கொள்ளும், நீங்கள் தொட வேண்டாம். இடப்பக்கம் சத்திரத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால், மூலத்தில் இருப்பது போலவே இருப்பதை நீக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்துங்கள். வரி வரியாக ஓடும், பயப்படாதீர்கள். ஓடி முடிந்ததும் மூடினால் சேமிக்கவா என்று கேட்கும். சேமியுங்கள். பிறகு விளையாட்டு மூடிக்கொள்ளாமல் ஓட வேண்டும்.

அப்பா, கால் வலி என்று எழுதினீர்கள். அம்மா டேங்க் ரோடு வரை நடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இங்கே யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. அம்மாவுக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வராத ஆளை எதிர்பார்ப்பது

தாள் முடிந்துவிட்டது, இந்த மாதக் கணக்கும் முடிந்தது. இதுவரை செய்து வையுங்கள். மீதி அடுத்ததில்.

கபிலன்


3 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மாதம் பிறந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

போன கடிதத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். துடைத்து முடித்த பிறகு, பழசு ஃபோல்டரில் "குரல்" என்று ஒன்று இருக்கும், அதை அப்படியே விளையாட்டுக்குள் திரும்பப் போட வேண்டும். அம்மா பேசியது மோட் ஃபைலில் இல்லை. அது குரல் ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. வேறு எங்கேயும் காப்பி கிடையாது. ஊரார் கேட்டால் வெட்கம் என்று அம்மா சொன்னதால் நான் இன்டர்நெட்டிலும் போடவில்லை. என் போன் அவர்கள் கையில் போய்விட்டது உங்களுக்கே தெரியும். அதனால் பழசை மட்டும் தொடாதீர்கள்.

அம்மாவோடு சேர்ந்து கேளுங்கள். முதல் வரியை நாங்கள் பத்துத் தடவைக்கு மேல் எடுத்தோம். ஒவ்வொரு முறையும் கீழே லாரி போகும், இல்லையென்றால் நீங்கள் கத்துவீர்கள்.

கபிலன்


ஆங் மோ கியோ
9 மார்ச் 2024

கபிலனுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

நீ எழுதியதை ஒன்று விடாமல் செய்தேன். கடிதத்தைக் கீபோர்டு மேலேயே விரித்து வைத்துக்கொண்டு செய்தேன். துடைப்பம் ஓடியது. எத்தனையோ மரம், எத்தனையோ கல், நீ தொட்டுவிட்டு மறந்த பானை, கதவு எல்லாம் வரிசையாகப் போயின. மாற்றாமல் அப்படியே இருப்பதைக் குப்பை என்று சொல்லும் வேலையை இப்போதுதான் பார்க்கிறேன். விளையாட்டு திறந்தது. மூடவில்லை. உன் அப்பா முட்டாள் இல்லை.

வேலை முடிந்த பிறகு இடத்தைச் சுத்தமாகவும் வைத்தேன். கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸின் பின்சீட் வரை நடந்து பார்த்து, கிடப்பதை எடுத்துப் போடாமல் நான் ஒரு நாளும் இறங்கியதில்லை. பழசு என்று நீ வைக்கச் சொன்னதையும் அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கம்ப்யூட்டர் இப்போது கொஞ்சம் வேகமாகக்கூட இருக்கிறது.

சத்திரத்தைக் கண்டுபிடிக்க மூன்று தடவை செத்தேன். ஓநாய்கள். நேற்று மத்தியானம் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து உள்ளே போனேன். அந்தப் பெண் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாள், அம்மாவின் பச்சைப் புடவையையே கட்டிவிட்டிருக்கிறாய். பக்கத்தில் போனால் கீழே எழுத்து வருகிறது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரைத் திருகினேன். மழைச் சத்தம் வருகிறது, அடுப்பு எரியும் சத்தம் வருகிறது. அவளும் பேசவில்லை. அம்மா எழுத்தை எல்லாம் கடைசி வரை படித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

எதை அழுத்தினால் பேசுவாள்? உடனே எழுது. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் உன் கடிதம் வராது, தெரியும். இருந்தாலும் எழுது.

அப்பா


ஆங் மோ கியோ
21 மார்ச் 2024

கபிலா,

மூன்றாம் தேதி நீ எழுதியது இன்று வந்தது.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் முன்னாலேயே வந்திருக்கும். தமிழில்தான் எழுத வேண்டும் என்றது நான்.

அப்பா


4 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுதப் போவதில்லை.

உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் வந்தன. கம்ப்யூட்டரை உடனே அணைத்துவிடுங்கள். எதையும் புதிதாக அதில் போடாதீர்கள். அழித்த ஃபைலை மீட்க வழி உண்டு, ரவூபுக்குத் தெரியும். அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால் கிடைக்கும்.

உங்கள் மேல் கோபம் இல்லை. பழசு என்று பெயர் வைத்தவன் நான். பழசு என்று எழுதியிருந்தால் யார்தான் வைத்திருப்பார்கள்? அம்மா என்று பெயர் வைத்திருந்தால் நீங்கள் தொட்டிருக்கமாட்டீர்கள். அதை ஒரே வரியில் பிப்ரவரிக் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் அம்மா ஏன் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இப்போது கேட்டே ஆக வேண்டும். வீட்டில் அம்மா இருக்கும்போது, அம்மாவின் குரலைக் கம்ப்யூட்டரில் தேடுவது எதற்கு? மார்ச் பத்தில் என்ன இருந்தது? மறைக்காமல் எழுதுங்கள் அப்பா.

கபிலன்


ஆங் மோ கியோ
5 மே 2024

அன்பு மகன் கபிலனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதைத் தவிர இன்று கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

ரவூப் மூன்று வாரம் வைத்திருந்தான். சத்தம் வருமா என்று மறுபடியும் நான் புது விளையாட்டை இறக்கியதும், அந்தக் கம்ப்யூட்டர் தானாகப் புதுப்பித்துக்கொண்டதும் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டதாம். சில ஃபைல்களின் பெயர் மட்டும் மீண்டு வந்தது. ஒன்றைத் திறந்து காட்டினான். மழை பெய்யும் ரோட்டில் பஸ் பிரேக் பிடித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு இரைச்சல். பையன் அழுதுவிட்டான். நான்தான் அவனைக் கீழே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. தீபாவளி முடிந்து, நவம்பரில், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு இல்லை. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும் ஒரு கருவி கொடுத்தார்கள். அது ரோபோ மாதிரி பேசியது. ஒரு தடவை கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டாள்.

உன்னைப் பார்க்க வராததற்கு அதுதான் காரணம். அங்கே கண்ணாடிக்கு நடுவில் ஒரு போன்தான் இருக்கிறது. அதை எடுத்து அவள் என்ன செய்வாள்? நீ வெளியே வரும் வரை உனக்குத் தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். கால் வலி என்று எழுதச் சொன்னதும் அவள்தான். டேங்க் ரோட்டை உளறியது நான்.

கட்டி மறுபடி வந்திருக்கிறது என்று ஜனவரியில் சொன்னார்கள். மார்ச் பன்னிரண்டு, இரண்டாவது ஆபரேஷனுக்கு அட்மிஷன். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் சிட்டையில் எழுதிக் காட்டினாள், அந்த விளையாட்டில் நான் பேசியது இருக்குமா என்று. நான் வீட்டில் எல்லாவற்றையும் தேடிப் பார்த்திருந்தேன். கல்யாண வீடியோவில் மேளச் சத்தம்தான் இருக்கிறது. என் போனில் அவள் அனுப்பியதாக இரண்டு "சரி", ஒரு "ம்". வேறு எதுவும் இல்லை. இத்தனை வருடம் கூட இருந்தவளின் பேச்சை நான் எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை.

ரவூப் அன்றைக்கே செய்து தருகிறேன் என்றான். நான்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். உனக்கு எழுத ஒரு காரணம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு அவள் குரலைக் கொடுத்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறாள். கஞ்சிதான். டாக்டர் நாள் சொல்வதில்லை. உனக்குத் தண்டனை இன்னும் அடுத்த வருடக் கடைசி வரை இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார்.

அப்பா


ஆங் மோ கியோ
20 மே 2024

என் கண்ணு கபிலனுக்கு,

அம்மா எழுதுறேன். நல்லா இருக்கேன்னு உன் அப்பா மாதிரி நானும் பொய் எழுதலாம், ஆனா அவருக்கே அது வரலை. நீ சாப்பிடுறியா, சளி பிடிக்காம இருக்கியா?

அப்பாவைத் திட்டாதே. நான் திட்டியாச்சு, பேப்பர்ல. முழுப் பக்கம். அரிசி கழுவச் சொன்னா பாதியைத் தொட்டியில விடுற மனுஷன், இதை மட்டும் ஒண்ணு விடாம துடைச்சிருக்கார். இப்போ அந்த ரூம் பக்கமே போறதில்லை. சாயங்காலம் கீழே நம்ம அடுக்குமாடி புளோக்குக்கு அடியில தனியா உட்கார்ந்திருக்கார். சாப்பிடக் கூப்பிட என்கிட்ட சத்தம் இல்லை, ஜன்னல் கம்பியில கரண்டியால தட்டுறேன். நிமிர்ந்து பார்த்துட்டு வர்றார்.

உங்கிட்ட மறைச்சது தப்புதான். அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி போனை வெச்சுக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினா நீ அழுவே. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

எதுக்குக் கேட்கணும்னு ஆசைப்பட்டேன் தெரியுமா? என் குரல் எனக்கு மறந்துபோச்சுடா. மனசுக்குள்ள பேசிப் பார்க்கிறேன், அந்த மிஷின் குரல்தான் வருது. ஒரே ஒரு தடவைதான் அதைக் கேட்டேன், அது வந்து உட்கார்ந்துக்கிச்சு. நம்ம குரல் எப்படி இருந்ததுன்னு ஒரு தடவை கேட்டுட்டா போதும், அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரின்னு இருந்தேன். அன்னைக்கு அந்தப் பொம்மை என் பச்சைப் புடவையைக் கட்டிக்கிட்டு என்னை மாதிரியே சும்மா நின்னுச்சு.

அப்பா பாதி நாள் பஸ்ல இருந்தார். என் குரலை அதிகமாக் கேட்டவன் நீதான். காதுல போட்டுக்கிட்டு ராத்திரி பகலா வெட்டி வெட்டி ஒட்டினே. அது எப்படி இருந்துச்சுன்னு எழுதி அனுப்பு. குயில் கியில்னு எழுதாதே, எனக்குத் தெரியும் அது இல்லை. உள்ளதை எழுது.

உன் அம்மா
பஞ்சவர்ணம்


9 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் இருக்கும். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து இந்த மாதத் தாளில் இது ஒன்றுதான் மிச்சம்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தோம். உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. மைக்கைப் பார்த்து, "இதுகிட்ட என்னடா பேசுறது, மூஞ்சியே இல்லையே" என்றீர்கள். முதல் வரி, "வாங்க தம்பி, நனைஞ்சுட்டீங்களே, உள்ள வந்து உக்காருங்க." உக்காருங்க என்று வந்ததும் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவீர்கள். கடைசி வரி, "போறப்ப சொல்லிட்டுப் போங்க." நான் வீட்டிலிருந்து போன அன்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஆனால் அம்மா, குரல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். வரிகள் எல்லாம் வருகின்றன. அவற்றைச் சொல்வது என் குரல்தான். சில நேரம் அப்பாவின் குரல். மெல்லியது என்று எழுதினேன், அடித்தேன். கொஞ்சம் கரகரப்பு என்று எழுதினேன். அது நோய் வந்த பிறகு போனில் கேட்டதாக இருக்குமோ என்று அதையும் அடித்தேன். உள்ளதை எழுது என்றீர்கள். உள்ளது இவ்வளவுதான். உங்கள் குரலை நானும் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். நான் சமாளித்து எழுதியிருப்பதாகச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பார்க்க விடும் நாளில் வாருங்கள். நான் அழுதால் அழுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் பேசுகிறேன். பிறகு அந்த முதல் வரியை ஒரு தடவை வாயால் மட்டும் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்தால் எனக்கு ஞாபகம் வரலாம். வரும் என்று நான் எழுதமாட்டேன்.

உங்கள்
கபிலன்